இரண்டாயிரம் யூரோ

மரமறுக்கும் ஆலையில் பகல் ஷிப்ட் முடிந்து
ரெய்யா வரும்போது மணி நான்கு. நல்ல இருட்டு.
நான் கொட்டகையில் ஹீட்டரைப் போட்டு வைத்திருப்பேன்.
நடுவில் அது:
எழுபத்துநான்காம் வருடத்து சாப்.
கடைசி உரிமையாளர்
அதில் கோழி வளர்த்திருக்கிறார்.

பின்சீட்டை எடுத்தோம். கம்பளத்தை எடுத்தோம்.
தார்ப்பூச்சை உளியால் பெயர்த்தபோது
கூடவே தரையும் வந்துவிட்டது.
ஓட்டை வழியே என் பூட்ஸைப் பார்த்து
"எடை குறைந்தது" என்றாள்.

ஜனவரி முழுக்க வெல்டிங்.
குழாய் வளைத்துக் கூண்டு கட்டினாள் அவள்.
நான் தலைக்கவசம் மாட்டி உள்ளே உட்கார்ந்து
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முட்டிப் பார்த்து
எங்கே இடிக்கிறது என்று சொல்லும் பொம்மை.
சொன்ன இடத்திலெல்லாம் நுரைப்பஞ்சு.
சொல்லாத ஓர் இடத்தில்
இன்றும் எனக்கு முழங்கை கன்றிப்போகிறது.

பிப்ரவரியில் ஒரு சண்டை.
பதின்மூன்றாம் நம்பர் சாக்கெட்டைக் காணோம்.
நான்தான் தொலைத்தேன் என்று ரெய்யா சொல்ல,
நான் தொடவே இல்லை என்று நான் சொல்ல,
நான்கு நாள் ஸ்பேனர்கள் மட்டும் பேசிக்கொண்டன.

பியெலாவெசியில் குழந்தைக்கும் தெரிந்த விதி:
பந்தயம் முடிந்ததும் ஓடிய எந்தக் காரையும்
யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.
இரண்டாயிரம் யூரோ. பேரம் கிடையாது.
பலர் கேட்டால் சீட்டுக் குலுக்கல்.
தரமாட்டேன் என்றால் லைசென்ஸ் போச்சு.
அதனால்தான் மர வியாபாரியின் மகனும்
எங்களோடு அதே சேற்றில்.

அதனால்தான் அன்றிரவு
கார்புரேட்டரைப் பிரித்துப்போட்டு
புது ஜெட்டை உள்ளங்கையில் வைத்தபடி
ரெய்யா வெகுநேரம் பேசாமல் நின்றாள்.
"இதற்கு மேல் நன்றாகச் செய்தால்
இது நம்மிடம் தங்காது, ஓஸ்மோ."
பிறகு நன்றாகவே செய்தாள்.

மே மாதம். ஏரி நடுவில் இன்னும் சாம்பல் நிறப் பனிக்கட்டி.
ஹுட்டினெனின் ஜல்லிக்குழியில் முதல் ஓட்டம்.

இரண்டாம் கியர் எங்கேயோ ஒளிந்துகொண்டது,
ஸ்டீரிங் கம்பத்தின் கைப்பிடியில் துழாவித் துழாவி
மூன்றில் போய் விழுந்தேன்.
முதல் வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டேன்.
எஞ்சின் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை.
ஃப்ரீவீலைப் பூட்ட மறந்திருந்தேன்.
வண்டி சொல்லிக்கொள்ளாமல் வீட்டை விட்டுப்
போகிறவனைப் போல
மணல்மேட்டை நோக்கிப் போனது.

கண்ணைத் திறந்தபோது
பானெட்டின் மேல் ஒரு சின்ன பிர்ச் மரம்.
ரெய்யா ஓடி வந்தாள். முதலில் ரேடியேட்டரைப் பார்த்தாள்.
அப்புறம் என்னை.

ஐந்து சுற்று. நிறுத்து. ஐந்து சுற்று.
ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கழன்று கையில் வந்தது:
சைலன்சர் பட்டை, பேட்டரித் தாங்கி,
இடது முன்பிரேக்கின் பொறுமை.
இறுக்கிய நட்டின் மேலெல்லாம்
மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தாள்.
கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது.
மாலைக்குள் ஒரு கோடும் விலகவில்லை.

ஆனாலும் ஒரு சத்தம்.
கடகட. இடது வளைவில் ஒன்று, வலது வளைவில் ஒன்று.
ஷாக்கைப் பார்த்தோம். சக்கரத்தை ஆட்டினோம்.
கடைசியில் ரெய்யா ஈரக் கல்லில் மல்லாந்து படுத்து
நான் வண்டியை உலுக்க உலுக்க
கதவுக்குக் கீழே, ஜனவரியில் தன் கையாலேயே
மூடி வெல்டிங் வைத்த பெட்டியில்
காதை ஒட்டவைத்தாள்.

எழுந்து உட்கார்ந்தாள்.
"பதின்மூன்று" என்றாள்.

மன்னிப்பெல்லாம் இல்லை.
அறுக்கிற மிஷினை எடுத்தாள்,
பெட்டியைப் பார்த்தாள்,
ஒயரைச் சுற்றி மறுபடி டிக்கியில் வைத்தாள்.
"வாங்குகிறவன் கண்டுபிடிக்கட்டும்."
"சாக்கெட்டும் சேர்த்தா இரண்டாயிரம்?"
பதில் சொல்லவில்லை.

பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத சாலையில்
டிரெய்லரில் ஏற்றி இழுத்து வந்தோம்.
பள்ளம் வரும்போதெல்லாம்
பின்னால் அது ஒரு தரம் உருண்டது.
ரெய்யா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.