உப்பும் பஞ்சரும்

நாற்பது பக்க நோட்டு.
அட்டையில் கோழித்தீவனக் கம்பெனியின் பெயர்,
சும்மா கொடுத்தது.
வரவு இடது பக்கம், நாலு வரியில் முடிந்துவிடும்.
செலவு வலது பக்கம்,
பாதி என் கையெழுத்து, பாதி சம்பத்துடையது.

பெரியவளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்த ஜூனில்
ராத்திரி பதினோரு மணிக்கு முடிவு செய்தோம்.
தெருமுனை டீ இல்லை.
சனிக்கிழமை பரோட்டா இல்லை.
ரீசார்ஜ் ஒரு போனுக்குப் போதும்,
இன்னொன்று வீட்டிலேயே இருந்து
மணி காட்டட்டும்.
பருப்பை ஊறவைத்தால் சிலிண்டர்
ஒன்பது நாள் கூட வரும் என்றேன்.
பதினொரு நாள் வந்தது.
அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

முள்ளுக்கத்தரி காலையில் கிலோ அறுபது.
ராத்திரி எட்டரைக்கு, சாக்கை உதறும் நேரத்தில்
அதே கத்தரிக்காய்க்கு
'அள்ளிக்கினு போம்மா' விலை.
காம்பு முள் குத்தும்.
அந்த விலைக்குக் குத்தட்டும்.

ஷூ கம்பெனியில் ஷிப்டு விட்டதும்
ஷேர் ஆட்டோ வந்து நின்று கூப்பிடும்.
முகத்தைத் திருப்பிக்கொள்வேன்,
பழைய பகையாளியைப் பார்த்ததுபோல.
பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ்
சிலநாள் இருபது நிமிடம், சிலநாள் முக்கால் மணி.
காத்திருந்ததற்குக் கூலி நானே போட்டுக்கொண்டேன்:
நாளுக்குப் பதினைந்து ரூபாய்,
கடுகு டப்பாவில்.

ஒரு சனிக்கிழமை ஜன்னல் சீட் கிடைத்தது.
முத்துக்கடை வந்தது. எழுந்திருக்கவில்லை.
சைபர் ரூபாய் டிக்கெட்டில்
ஒரு ஊர் தாண்டிப் போனால் யாருக்கு நஷ்டம்?
பாலாற்றுப் பாலத்தில் காற்று.
கீழே மணல், மணல், ஒரு சேலை அகலத்துக்குத் தண்ணீர்.
ஆற்காடு.
கண்ணாடிக்குப் பின்னால் பாகில் மிதந்தது
மக்கன் பேடா.

ஒன்றே ஒன்று. இருபத்தைந்து ரூபாய்.
நின்றபடி, ஸ்பூன் நுனியால் கிள்ளிக் கிள்ளி
முந்திரியைக் கடைசிக்கு ஒதுக்கி
கால்மணி நேரம் தின்றேன்.
வாரத்துக்குத் தொண்ணூறு சேர்கிறது,
இது போக அறுபத்தைந்து.
கணக்கு இடிக்கவில்லை. மனசுதான் இடித்தது.
அன்றிரவு நோட்டில் எழுதினேன்:
உப்பு – 25.

அடுத்த சனியும் உப்பு. அதற்கடுத்த சனியும்.
ஏன் இத்தனை உப்பு என்று
சம்பத் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.
அவர் வரி அதற்கு நேர் கீழே:
பஞ்சர் – 50.
வாலாஜா ரோட்டில் அவ்வளவு முள்ளா என்று
நானும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் பஸ் சீக்கிரம் வந்தது.
கடை வாசலில் ஒரு சைக்கிள்,
இரண்டு சக்கரத்திலும் காற்று திம்மென்று.
உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு
ஒரு தொன்னை, ஒரு ஸ்பூன், ஒரு சம்பத்.

"இன்னா, பஞ்சர் ஒட்டியாச்சா?"

திரும்பியவர் வாய் நிறைய இருந்ததால்
பதில் வரத் தாமதமானது.
"உப்பு வாங்க வந்தியா?"

சிரிப்பு வந்தது. கூடவே கோபமும்,
ஏனென்றால் எனக்கு இருபத்தைந்து, அவருக்கு ஐம்பது.
அப்படியென்றால் வாரத்துக்கு இரண்டு!
தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்,
"ஒண்ணு உனக்குன்னுதான் கட்டச் சொல்வேன்.
வீட்டுக்குக் கொண்டாந்தா
ஏது காசுன்னு கேப்பியே.
பாலம் ஏறுறதுக்குள்ள பாகு ஒழுகும்.
வீணாப் பூடும்னு..."

எனக்கென்று வாங்கிய எட்டு மக்கன் பேடாக்கள்
பாலத்துக்கு இந்தப் பக்கமே தீர்ந்திருக்கின்றன.
ஒன்பதாவதை என்னிடம் நீட்டினார்.
முந்திரியை ஒதுக்கவில்லை, முதலிலேயே தின்றேன்.

இப்போது நோட்டில் மறைப்பு இல்லை.
மக்கன் பேடா – 50, பெயர் சொல்லியே எழுதுகிறோம்.
என் கையெழுத்துத்தான், அவருடையதில் எழுத்துப் பிழை.
போன வாரம் நடுராத்திரிவரை ஆளைக் காணோம்.
போன் வீட்டில் மணி காட்டிக்கொண்டிருந்தது.
பாலத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவர்
சட்டையைக்கூடக் கழற்றாமல்
நோட்டை எடுத்து எழுதினார்:
பஞ்சர் – 60.
அருகில் சின்னதாக, அடிக்கோடிட்டு:
சத்தியமா.