பயிற்சி நாற்பத்தேழு

இரவுப் பணி முடிந்து
விரலில் இருமல் மருந்தின் வாசனையோடு வந்தால்
இந்த மரிபோர் நகரில் எனக்காக விழித்திருப்பது
ஃப்ரிட்ஜ் மட்டும்.
அது சோல் என்று முனகும்.
அச்சு அசல் சோல் இல்லை, மயிரிழை தூக்கல்.
பரவாயில்லை. பியானோ வைக்க இடமில்லாதவளுக்கு
மின்சாரம் போட்ட பிச்சை.

முப்பத்தெட்டு வயதில் எதற்கடி நேஜா
இசைக் கோட்பாட்டுத் தேர்வு,
கடையில் மாஜ்தா கேட்டாள்.
பதில் யோசிப்பதற்குள்
மூலத்துக்குக் களிம்பு கேட்டு ஒருவர் வந்துவிட்டார்.

எழுத்துத் தாளில் பயமில்லை.
காலை ஒரு ஷார்ப், இரவு இரண்டு ஃப்ளாட்,
உணவுக்குப் பின்:
மாத்திரைச் சீட்டு மாதிரி மனப்பாடம்.
பயமெல்லாம் மற்றதில்.
முன்பின் பாராத எட்டுக் கட்டங்களை
அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு
வாய் திறந்து பாட வேண்டும்,
தெரியாத வீட்டில் விளக்கணைந்தபின் படியேறுவதுபோல.

நாற்பத்தேழாம் பயிற்சியில்
ஃபாவிலிருந்து சி வரை ஒரு தாவல்.
மூன்று முழுப்படி, நடுவில் கைப்பிடி கிடையாது.
நவம்பர் முழுக்கத் தாவினேன்.
டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நம்பினேன்.

ஒரு செவ்வாய், லிஃப்டில்,
பக்கத்து வீட்டு டிலென்.
டயர் மாற்றுகிறவன். பூட்ஸில் பனி.
சீட்டியடிக்கிறான்,
என் நாற்பத்தேழை.
முதல் கட்டம், இரண்டாவது,
மூன்றாவதில் நான் மூச்சிழுக்கும் இடம்கூட அப்படியே.
பிறகு தாவல்.
அரைப்படி முன்னாலேயே
சௌகரியமாக உட்கார்ந்துவிட்டான்.
எனக்குக் காது மடல் சுட்டது.
மூன்று மாதமாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

"இதை எங்கே கேட்டாய்?"
"வேறெங்கே, சுவர் வழியாகத்தான்.
நல்ல பாட்டு. ரேடியோவில் போடமாட்டார்களோ?"

பிப்ரவரி. அறை எண் பதினொன்று.
ரேடியேட்டர் டிக் டிக் என்றது, அதற்குச் சுருதியே இல்லை.
பியானோ கொடுத்த சோல்
என் சமையலறைச் சோலைவிடத் தாழ்ந்து
பிழிந்து போட்ட துணிபோலக் கிடந்தது.
குனிந்து எடுத்துக்கொண்டேன்.
அரை நிமிடம்.
ஐந்தாம் கட்டத்தில் அதே ஃபா, அதே சி.

டிலெனின் குவிந்த உதட்டை நினைத்தேன்.
அவன் உட்கார்ந்த இடம் தெரிந்தது.
அதைத் தாண்டி
இன்னும் ஒரே ஒரு அரைப்படி.

ஏறினேனா?
தேர்வாளர் கையில் பென்சில் நின்றது.
பிறகு எழுதியது.
ஒற்றை மதிப்பெண்ணுக்கு வேண்டியதைவிட
நெடுநேரம் எழுதியது.

முடிவு தபாலில் வருமாம், மூன்று வாரம் ஆகும்.
நேற்று மாடிப்படியில் மறுபடி அந்தச் சீட்டி.
"தம்பி, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மேலே",
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
ஒரு தோளில் டயர், மறு கையில் ரொட்டிப் பை,
இரண்டிரண்டு படியாக ஏறிப் போகிறான்.
என் தவறு
அவன் வாயில் பாட்டாகவே ஆகிவிட்டது.