பதிந்தால் பதிந்ததுதான்

சால்மியா, ஏழாவது மாடி.
கார்க் தரை போட வந்த சவேரியார்பிச்சை
முன்கூட்டியே சொல்லிவிட்டார்:
வெயில் படுமிடம் வெளுக்கும்,
பிரிட்ஜின் கால் பதிந்தால் பதிந்ததுதான்,
ஏசியை அணைத்துவிட்டு
ஆகஸ்டில் ஊருக்குப் போயிடாதீங்க.

கீழ்வீட்டு எகிப்தியர்
துடைப்பக் கட்டையால்
சீலிங்கை இடிப்பதில்லை இப்போது.
நைட் டூட்டி முடிந்து வருபவள்
செருப்பைக் கழற்றிவிட்டுக்
கண்மூடி நிற்கிறாள் சற்று நேரம்.
மார்பிளைப் போல் குதிகாலைக் கடிக்கவில்லையாம்.

நேற்று,
ஊருக்கு அனுப்பிய பணத்தில் தொடங்கி
வார்த்தை தடித்து
எவர்சில்வர் டம்ளரை விட்டெறிந்தேன்.
பொத்தென்று விழுந்தது,
உருளக்கூட இல்லை.
இருவரும் அதையே பார்த்தோம்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

குனிந்து தடவினேன்.
நகக்கண் அளவு ஒரு பள்ளம்.
சோபாவை நகர்த்தி மறைக்கலாம்;
அதன் பழைய நான்கு குழிகள்
வெளியே வந்துவிடும்.