ஐம்பத்தொன்பதின் கிழமை

தொலைக்காட்சியில் வயதுகளை அறிவிக்கிறார்கள்.
திங்கள் அறுபத்தொன்று.
செவ்வாய் அறுபது.
புதன் ஐம்பத்தொன்பது.
லாட்டரி எண்களைப்போல
வால்பராய்சோவின் மலைச்சரிவெங்கும்
ஜன்னலுக்கு ஜன்னல் கூவிக்கொள்கிறார்கள்.
எதிர்வீட்டு எர்மிந்தா கொடியில் துணியோடு கேட்கிறாள்:
"உனக்கு எப்போது, மிரேயா?"
"எனக்கு இன்னும் நாள் கிடக்கிறது" என்கிறேன்.
உள்ளே ஒஸ்வால்தோ வெங்காயம் நறுக்குகிறான்.
அவன் கணக்கில் எனக்கு ஐம்பத்து மூன்று.

ஒன்பது வருஷத்துக்கு முன்
யாருடைய கல்யாணத்திலோ அவன் கேட்டான்.
வாயிலிருந்த கேக்கோடு
ஆறு வருஷத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.
அப்புறம் துப்ப இடம் கிடைக்கவில்லை.
எந்தக் காகிதத்திலும் நாங்கள் சேர்ந்து கையெழுத்திட்டதில்லை.
அடையாள அட்டை பொத்தான் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு அனுமதி,
ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்.
ஒன்றை மருந்துக்கடை தின்கிறது,
மற்றதை உருளைக்கிழங்கு.
மலையேற்றும் பெட்டி நின்று வருஷமாகிறது.
இருநூற்றுப் பதினான்கு படிகள்.
பாதியில் மூக்குக்கண்ணாடி பனிக்கும்,
உலகம் வெந்நீர்ப் பானையாகும்,
என் மூச்சையே நான் திரும்பக் குடிப்பேன்.

மேல்வீட்டான் சுவரைத் துளைத்துக்கொண்டே இருக்கிறான்.
ஒரு வருஷமாக எந்தச் சுவர் அது,
இன்னும் மறுபக்கம் வராமல்?

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன் ஒஸ்வால்தோ.
இப்போது என் பாத்திரங்களைச்
சரக்குப் பெட்டிகளைப்போல அடுக்கச் சொல்கிறான்.
நேற்று ஒரு டப்பா மூடிக்காகச் சண்டை.
இரண்டு மணி நேரம்.
ஒரு முழு அனுமதி.
இரவில் அவன் இருமினால்
எண்ணிக்கொண்டு விழித்துக் கிடக்கிறேன்.
நான்குக்கு மேல் போனால்
மூடியை மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது.
மூன்றோடு நின்றுவிடுகிறான்.

பொய் வயது வரும்வரை காத்திருக்கலாம்.
இரண்டு வாரம்தான்.
அதற்குள் ஊசி தீர்ந்துவிடும் என்கிறாள் எர்மிந்தா,
தீராது என்கிறது வானொலி.
இரண்டு பேரையும் நான் நம்புவதில்லை.
ஆனால் ரொட்டிக்கடை ஃபவுஸ்தினோ
ஐந்தாம் நாளாகத் தகரக் கதவைத் தூக்கவில்லை.
கதவில் யாரோ ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.
நான் கிட்டே போய்ப் படிக்கவில்லை.

புதன்கிழமை,
"ரொட்டி வாங்கி வருகிறேன்" என்று இறங்கினேன்.

பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கு.
முந்நூறு பேர், எல்லாருக்கும் ஒரே வயது.
ஒரு வகுப்பு முழுக்க
வீட்டுப்பாடம் செய்யாமல் திரும்பி வந்ததுபோல.
ஒருவரை ஒருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டோம்:
அந்தக் கழுத்து, அந்த முழங்கால், அந்தச் சாயமடித்த முடி.
ஓ, வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தானா.
முன்னால் நின்றவள் உதட்டுச்சாயம் பூசியிருந்தாள்,
கவசத்துக்குள்ளே.
"யாருக்காக?" என்று கேட்டேன்.
"பூசாமல் வந்தால் எனக்கே தெரியுமே" என்றாள்.

தாதிப்பெண்ணுக்குக் காது மந்தமா, அரங்கம்தான் இரைச்சலா,
"வயது?" என்று இரண்டாம் முறை கேட்டாள்.
கத்திச் சொன்னேன்.
ஒன்பது வருஷத்தில் முதல் முறை.
அது தகரக் கூரையில் மோதித் திரும்பியது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படியேறும்போதுதான் ரொட்டி நினைவுக்கு வந்தது.

அவன் கதவைத் திறந்தான்.
வெறும் பையைப் பார்த்தான்.
சட்டைக்கையைப் பார்த்தான்.
குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த கிழமை அட்டவணையைப் பார்த்தான்,
செய்தித்தாளிலிருந்து அவனே கத்தரித்தது.
அடுத்த வாரத் திங்களில் ஒரு வட்டம்,
அவனுடைய ஐம்பத்தாறு.
உதடு மெல்ல அசைந்தது. கூட்டுகிறானா, கழிக்கிறானா.
கீழே எரிவாயு வண்டிக்காரன்
உருளையைத் தட்டித் தட்டிப் போனான்.
"எந்தக் கை?" என்றான்.
"இடது."

இரவு, ஒன்பது வருஷமாகப் படுத்த இடப்பக்கத்தை விட்டு
தலையணையைத் தூக்கிக்கொண்டு
வலப்பக்கம் வந்தான்.
சுவர் இடித்தது, கால் வைக்க இடம் தெரியவில்லை,
முனகினான்.
விளக்கணைத்து வெகுநேரம் கழித்து,
"அப்படியென்றால் நீ என்னைவிட மூத்தவள்."
"ஆமாம்."
ஒரு இருமல். இரண்டு.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
"இருந்தாலும்," என்றான்,
"அந்த மூடி அந்த டப்பாவுக்கு இல்லை."