எத்தனை அடி

மார்கழியில் எங்கள் பஸ் தரிப்பில்
ஒருவரும் சுகம் விசாரிப்பதில்லை.
"குளம் எத்தனை அடியாம்?"
முப்பத்திமூன்றரை என்கிறார் உரக்கடை ஞானேஸ்.
"வான் பாயுமோ?"
"பாத்துத்தான் திறப்பினம்."

என் மடியில் தர்மிகாவின் கிளினிக் கொப்பி.
அதற்குள்ளும் ஓர் அளவு:
புள்ளி நாலு, புள்ளி ஆறு,
போன மாதம் புள்ளி ஒன்பது.
ஏறினால் கை நடுங்கும்.
இறங்கினால் இரவு நீளும்.
இதை நான் ஞானேசிடம் சொல்வதில்லை.

அந்தக் குளிசையும் ஒரு வகை உப்புத்தான் என்றார் டொக்டர்.
கறி உப்பைத் திடீரெனக் கூட்டவும் வேண்டாம்,
குறைக்கவும் வேண்டாம்,
வெயிலில் அலைந்தால் தண்ணீர் மறக்க வேண்டாம்.
பதினெட்டு வருடமாய்க் கையால் அள்ளிப் போட்டவள்
கரண்டியை விரலால் வழித்துச் சமன் செய்துகொண்டு
சொதிச் சட்டிக்கு முன்னால் நிற்கிறேன்,
சோதனைக்கு வந்த பிள்ளை போல.

இரவு எட்டுக்குக் குளிசை, காலை எட்டுக்கு இரத்தம்.
ஆறு பத்து பஸ்ஸை விட்டால் கணக்கே பிழைத்துவிடும்.

முதல் நாள் கேட்டார்கள்:
குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி?
இல்லை என்று தலையாட்டிவிட்டுக்
கன்டீனில் தேத்தண்ணி பாதி குடித்த பிறகுதான்
தம்பி செல்வநிதி வந்து முன்னால் இருந்தான்.
ஒரு மாசியில் மூன்று இரவு கண் மூடாமல்
தனியாளாய்க் கிணறு வெட்டினவன்.
கண்ட பேருக்கெல்லாம் சர்பத் வாங்கிக் கொடுத்தவன்.
பங்குனி முழுக்கப் பாயை விட்டு எழும்பவில்லை.
பஞ்சி பிடித்தவன் என்றார் அப்பா.
பிறகு எல்லோரும் மூட்டையோடு நடந்த வருடம்.
பங்கருக்குள் யார் அழுதது, யார் பேசாமல் கிடந்தது,
அது எதற்காக என்றெல்லாம்
யார் பார்த்தார்கள்?
மாத்தளனில் அவனை மண்ணுக்குள் வைத்தபோது
அவனது வருத்தத்துக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.
திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.
"ஒருத்தன் இருந்தவன், மிஸ்."
அவ அதை ஒரு வரியில் எழுதிக்கொண்டா.

அழுகை எனக்குப் பழகிவிட்டது.
அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நாளில்
என்ன செய்யவேண்டும் என்று தெரியும்.
பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பேன்,
ஒன்றும் கேட்காமல்.

சிரிப்புக்குத்தான் பயம்.
போன வருடம் சிரித்துச் சிரித்துத்தான்
காதுத் தோட்டை விற்று
நாற்பது கோழிக்குஞ்சு வாங்கி வந்தாள்,
மிச்சத்தில் யாரோ ஒரு பெடியனுக்குச் சைக்கிள்.
குஞ்சுகளில் ஏழு பிழைத்தன.
அன்றிலிருந்து அவள் ஒரு பகிடிக்குச் சிரித்தாலும்
எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம்,
நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று
உள்ளுக்குள் எண்ணத் தொடங்குகிறேன்.
ஒரு தாய் இப்படி ஆகலாமா?
ஆகிவிட்டேன்.

நேற்று இரவு மூன்று மணி.
குசினியில் வெளிச்சம்.
வயிற்றுக்குள் ஏதோ அறுந்து விழ ஓடினேன்.
யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள்.
"வான் கதவு திறந்திட்டினமாம், அம்மா. சத்தம் கேக்குதோ?"
எனக்கு அவளின் கண்தான் தெரிந்தது.
பேச்சு வேகமா? கை நடுங்குகிறதா?
"எப்ப படுத்தனி?"
"பத்துக்கு. மழைக்கு முழிச்சனான்."
என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"அம்மா, இது வருத்தமில்லை.
இது சும்மா சந்தோசம்."
மணிக்கட்டைத் திருப்பி நீட்டினாள்.
"நம்பாட்டில் இரத்தம் எடுத்துப் பாருங்கோ."

சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.
அப்போதுதான் கேட்டது,
வயல்களுக்கு அப்பால் எங்கோ
நீர் தன் பாரத்தை இறக்கிக்கொண்டிருந்தது.

கொப்பியை எடுத்து அவள் பேனை தேடினாள்.
தன் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.
அம்மா என்று எழுதினாள்.
"நீங்கள் எத்தனை மணித்தியாலம் படுத்தனீங்கள்?"

பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.
போய்ப் படு என்றேன்.
"நீங்கள் முதல்" என்றாள்.