எட்டாம் தளம், இடப்பக்கம்

கைப்பேசியில் கப்பலின் வரைபடம்
தின்று முடித்த மீனின் முள்போலக் கிடக்கிறது.
நடுவே நடைபாதை, இருபுறமும் அறைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு நிறம், ஒரு விலை.

வேதவல்லிக்கு உள்ளறை வேண்டாம்.
"ஜன்னல் இல்லாத அறைக்கு எதுக்குக் கப்பல்?
நம்ம வீட்டுப் பதுங்கறையில்
அரிசி மூட்டையை நகர்த்திட்டு
நாலு நாள் படுத்துக்கலாமே."

பால்கனி என்றால்
நானூற்று இருபது வெள்ளி கூடுதல்.
நான் வாய் திறக்கவில்லை.
ஈசூனில், ஒன்பதாவது மாடியில், பத்தொன்பது வருடம்.
சுவரைத் தாண்டி வெளியே நீள
எங்களிடம் இருந்தவை
துணி காயும் கழிகள் மட்டும்.

எனக்குப் பால்கனி தெரியும்.
செம்பவாங் பட்டறைக்கு
ஒரு சொகுசுக் கப்பல் பழுதுக்கு வந்தபோது
இருநூற்றுப் பதினாறு பால்கனிகளில்
கம்பியும் தடுப்பும் பற்றவைத்தவன் நான்.
நானும் ஷாஹிதும் பதினோராம் தளத்தில்
முதுகைக் கண்ணாடிக் கதவில் சாய்த்து
சோற்றுப் பொட்டலம் பிரிப்போம்.
எட்டிப் பார்த்தால் கடல் இருக்காது.
உலர்துறையின் சிமெண்டுத் தரை,
அதில் நகரும் மஞ்சள் தொப்பிகள்,
கப்பலின் அடிவயிற்றிலிருந்து
யாரோ கொட்டலசு சுரண்டும் சத்தம்.
ஒரு கம்பியையும் பிடித்துக்கொண்டு
நான் தண்ணீரைப் பார்த்ததில்லை.

ஆனாலும் தெரிந்தவன்போலச் சொன்னேன்:
உச்சித் தளம் வேண்டாம், மேலே நீச்சல் குளம்,
விடியுமுன் நாற்காலி இழுப்பார்கள்
பத்தாம் மாடிக்காரர் மாதிரி.
முன்பக்கம் வேண்டாம், அலை தூக்கிப் போடும்.
பின்பக்கம் வேண்டாம், எந்திர நடுக்கம் பல்லில் ஏறும்.
இணைக்கதவு உள்ள அறையா,
அடுத்தவர் இருமலும் நம் கணக்கில் சேரும்.
மின்தூக்கி பக்கம்,
ஆட்டக்கூடத்துக்கு மேலே,
சமையலறைக்குக் கீழே...
கழித்துக்கொண்டே போனதில்
கப்பலே மிச்சமில்லை.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும்
இப்படித்தான் கழிச்சீங்களா?"

இடமா வலமா என்பதில் மட்டும்
இருவருக்கும் ஒரே பேச்சு.
பினாங்குக்குப் போகையில் இடப்பக்கம் மேற்கு,
திரும்பி வருகையில் அதே இடப்பக்கம் கிழக்கு.
எழுந்து மாறி உட்கார வேண்டாம்,
அந்தியும் விடியலும்
ஒரே நாற்காலிக்கு வந்துவிடும்.

அப்போதுதான் அவள் கண்டாள்:
எட்டாம் தளம், நடுப்பகுதி, இடப்பக்கம்,
நூற்றைம்பது வெள்ளிதான் கூடுதல்.
கீழே பொடி எழுத்தில்,
பார்வை ஓரளவு மறைக்கப்படும்.
உயிர்காப்புப் படகு ஒன்றின் ஆரஞ்சு முதுகு
முன்னால் தொங்குமாம்.

"எதிர் புளோக்கை விடவா மறைக்கும்?" என்றாள்.

அறை எங்களுக்காகப் பதினைந்து நிமிடம் காத்திருக்கும்,
திரையின் மூலையில் எண்கள் இறங்கத் தொடங்கின.
எனக்கு அளந்து பார்க்காமல் எதுவும் சரிவராது.
பட்டறையின் பழைய அளவுநாடாவை எடுத்தேன்,
ஒன்றரை மீட்டர், இரண்டே முக்கால் மீட்டர்,
கூடத்துத் தரையில் வெள்ளை ஒட்டுநாடாவால்
ஒரு பால்கனி கட்டினேன்.
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டதும்
என் முழங்கால் தொலைக்காட்சி மேசையில் இடித்தது.
அவள் காலை நீட்டிக்கொண்டாள்.
நான் மடக்கிக்கொண்டேன்.
ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கில்
யாரோ ஒரு போர்வையை உதறினார்கள்.

முகாமிலிருந்து வார விடுப்பில் வந்த முகிலன்
தோளில் பையோடு வாசலில் நின்று
எங்களைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.
"அந்தப் பக்கமா வராதே," என்றாள் அம்மா,
"அங்கே கடல்."

சிரித்தான். பிறகு ஏனோ
ஷூவைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு
சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு
தன் அறைக்குப் போனான்.

திரையில் இன்னும் நான்கு நிமிடம்.
வேதவல்லி கடன் அட்டையை மடியில் வைத்திருக்கிறாள்.
நான் குனிந்து
மூலையில் பெயர்ந்த ஒட்டுநாடாவைக்
கட்டைவிரலால் அழுத்துகிறேன்.