பதினேழு புள்ளி நான்கு

ஆறு வருடம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே
சக்கரம் கட்டினேன்.
முதுகில் பெயர் கிடையாது, எண்தான்.
சண்டிகரில் 41, விசாகப்பட்டினத்தில் 7,
புனேயில் ஊக்கு கழன்று தொங்கிய 112.
ஒலிபெருக்கிக்காரர்கள் வாயில் அவள் பெயர் நுழையாது.
'டாயல் நாயக்' என்றார் ஒருவர்.
தையல்நாயகி சிரிக்காமல் நடுத்தளத்துக்குப் போய்
இடக்கையைத் தூக்கி நிற்பாள்,
கடைசி பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி.

நான் மயிலாடுதுறை.
முகூர்த்தம் இல்லாத நாட்களில்
மாமாவின் கல்யாண மண்டபம் முழுக்க எனக்கு.
அவளுக்கு, செம்பனார்கோவில் பக்கம்
நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுக் களம்.
குறுவை மூட்டை வந்தால் பயிற்சி இல்லை.
சம்பா வந்தால் அதுவும் இல்லை.
மேட்டூர் திறக்காத வருடம்
களம் வெறுமனே கிடந்தது.
ஊரே வானத்தைத் திட்டிய அந்த வருடம்தான்
அவளுக்கு டபுள் ஆக்ஸல் வந்தது.
அதை அவள் யாரிடமும்
சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே
ஒரே ஒரு நெல்.
தாடையில் நாலு தையல் போட்டார்கள்.
தையலுக்கே தையலா என்று
எல்லார் முன்னாலும் கேட்டவள் நான்.
பதினாறு வயது, நாக்கு நீளம்.
அவள் கட்டோடு வந்து
அந்த முறையும் ஜெயித்தாள்.

புனேயில் நான் விழவே இல்லை.
அவள் விழுந்தாள்.
எழுவதற்குள் பாட்டு அவளை விட்டுவிட்டு
எங்கோ போயிருந்தது.
மூலையில் வைத்து அதைப் பிடித்தாள்,
எப்படி என்று இன்றுவரை தெரியாது,
வீடியோவை எத்தனையோ தடவை
நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.
புள்ளி நான்கு வித்தியாசம்.
மெடலைக் கடிக்கச் சொன்னார் போட்டோக்காரர்.
கடித்தேன்.
தகரம்.

அப்புறம் அவள் கணுக்கால் போயிற்று.
அவள் இல்லாத வருடம் நான் முதலாவதாக வந்தேன்.
அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தை மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல்.
டிராக்டரில் நாற்பது மூட்டையோடு நானே போனேன்.
ஸ்டூலில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள்,
தாடையில் அந்த வெள்ளைக் கோடு.
என்னைத் தெரியும் என்றோ தெரியாது என்றோ
காட்டிக்கொள்ளவில்லை.
ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டாள்.
"பதினேழு புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல எடுக்க மாட்டோம்."

"புள்ளி நாலுதானே" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான்
என் காதிலேயே விழுந்தது.
அவள் பேனாவை மூடினாள்.
"காயப் போடு. நாலு மணிக்குப் பாக்கலாம்."

பனி ஈரம். வெயிலுக்கும் அவசரமில்லை.
சாக்கை அவிழ்த்துக் கொட்டிப் பரப்பினேன்.
உச்சிப்பொழுதில் செருப்பைக் கழற்றி விட்டு
அவளும் களத்தில் இறங்கினாள்,
காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு.
போகும்போது நேர்கோடு.
வரும்போதும் நேர்கோடு, ஏர் ஓட்டியதுபோல.
களத்து ஓரத்தில் திரும்பும் இடத்தில் மட்டும்
எடை முழுக்க இடது பாதத்தின் வெளி விளிம்புக்குப் போய்
வலது கால் ஒரு கணம் காற்றில் நின்றது.
நாற்பது நெல் தெறித்திருக்கும்.

அடுத்த சாலில் நான் இறங்கினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
லோடுமேன் குருமூர்த்தி மட்டும்
டீயை ஊதிக்கொண்டே கேட்டார்:
"ரெண்டு பேரும் ஏம்மா ஒரே மாதிரி திரும்புறீங்க?"

நாலு மணிக்குப் பதினாறு புள்ளி ஒன்பது.
"கையெழுத்துப் போடு."
போட்டேன்.
முதல் கட்டத்தில்தான் போடச் சொன்னாள்.
பழக்கதோஷம், என் கை
இரண்டாவதுக்குப் போய்விட்டது.